லிஃப்ட் போட்ட ராங்ளர்: முன் ஷாஃப்ட் எக்ஸாஸ்டில் இடிக்கிறது

கேள்வி:
2012 ஜீப் ராங்ளர் ஜேகே, 3.6 லிட்டர், ஆட்டோ கியர். வண்டியை 3.5 இன்ச் உயர்த்தும் லிஃப்ட், நீள ஷாக் போட்டிருக்கு. முன் சக்கரம் முழுசாகத் தொங்கினால் முன் ஷாஃப்ட் (முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) எக்ஸாஸ்டின் குறுக்குப் பைப்பில் இடிக்குது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கம், ஷாஃப்ட் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டைச் சுற்றி கிரீஸ் தெறிச்சிருக்கு. ஷாக்கைக் குட்டையாக்கினால் போதுமா?

பதில் 1:
போதாது சார். இடிப்பது நிற்கும், ஆனால் லிஃப்ட்டால் வண்டி சமதரையில் நிற்கும்போதே ஜாயின்ட்டின் கோணம் கூடிப்போச்சு. பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியேறும், உள்ளே குண்டுகள் காய்ந்து சூடேறி உடையும். வேகத்தில் ஷாஃப்ட் கழன்றால் கியர்பாக்ஸ் கூடே பிளக்கலாம். இப்போதைக்கு முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு 2எச்சில் (பின் சக்கர ஓட்டம்) மட்டும் ஓட்டுங்க. நிரந்தரத் தீர்வு: 1310 அளவு டபுள் கார்டன் ஷாஃப்ட் (ஒரு முனையில் இரட்டை யூ-ஜாயின்ட் உள்ளது), கூடவே பைப்பைத் தள்ளிவைக்கும் எக்ஸாஸ்ட் ஸ்பேசர். ஒன்று மட்டும் போட்டு நிறுத்தாதீங்க.

பதில் 2:
புது ஷாஃப்ட்டும் ஸ்பேசரும் மாட்டியதும் சேஸிஸில் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து இரண்டு முன் சக்கரத்தையும் தொங்கவிடுங்க. பின் சக்கரத்துக்குக் கட்டை, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல். ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்க. மிகக் குறுகலான இடத்திலும் விரல் தடிமன் இடைவெளி வேணும். ஏன்னா ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் மவுண்டில் சாயும், அந்த இடைவெளி குறையலாம்.

பதில் 3:
பினியனை (ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரத்தை) மேலே திருப்பிக் கோணத்தைச் சரிக்கட்டலாம்னு யாராவது சொன்னால் கவனம். முன் ஆக்ஸிலில் பினியனும் கேஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வுக் கோணம்) ஒரே கூட்டோடு சேர்ந்தே திரும்பும்: பினியன் 1 டிகிரி ஏறினால் கேஸ்டர் 1 டிகிரி குறையும். கேஸ்டர் 4 டிகிரிக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். கேஸ்டரை முதலில் காப்பாத்துங்க.