டிரான்ஸ்பாண்டர் உயரம் காட்டவில்லை, செனாய்க்குத் திரும்பலாமா?

கேள்வி (ஈசூன்வாசி):
வணக்கம். வார இறுதியில் ஜோகூர் பக்கம் போய் விமானம் ஓட்டுகிறவன் நான். நேற்று செனாயிலிருந்து மலாக்காவுக்கு ஒரு பழைய செஸ்னா 172 எடுத்து வந்தேன். பாதி வழியில் கட்டுப்பாட்டாளர் கூப்பிட்டு, உன் உயரம் திரையில் வரவில்லை என்றார். டிரான்ஸ்பாண்டரை (ரேடார் கேட்டால் விமானத்தின் அடையாள எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும் பெட்டி) பதில் அனுப்பாத ஸ்டான்ட்பையில் போட்டு, மறுபடி உயரமும் அனுப்பும் ஆல்ட்டுக்குத் திருப்பினேன், பலனில்லை. இறங்க வளையும்போது நான் மொத்தமாகவே சில நொடி காணாமல் போனேனாம். பெட்டி கேடி 76ஏ மாடல். பதில் விளக்கு மினுங்குகிறது, பிரேக்கர் எதுவும் வெளியே தள்ளவில்லை. இங்கே இன்று ரேடியோ பொறியாளர் யாரும் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை எனக்கு சிங்கப்பூரில் வேலை. இப்படியே கிளம்பலாமா? பழுது எங்கே இருக்கும்?

பதில் (புது மாணவன்):
அல்டிமீட்டரில் (உயரமானியில்) அழுத்தம் தப்பாக வைத்திருப்பீர்கள். அதைச் சரி செய்தால் போதும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7600 போட்டுவிட்டுத் தாழ்வாகக் கரையோரமாகவே வந்துவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?

பதில் (ஓய்வுபெற்ற ஏவியானிக்ஸ்):
தம்பி, மூன்றுமே தப்பு. மோட் சி, அதாவது டிரான்ஸ்பாண்டர் உயரம் அனுப்பும் முறை, எப்போதும் 1013 ஹெக்டோபாஸ்கல் அழுத்தக் கணக்கில்தான் உயரம் அனுப்பும், நீ அல்டிமீட்டர் குமிழை எங்கே திருப்பினாலும் அது மாறாது. 7600 ரேடியோ செத்தால் போடுகிற எண். இவருக்கு ரேடியோ நன்றாகப் பேசுகிறது.

"யார் பார்க்கப் போகிறார்கள்" என்பதற்கு 1986 ஆகஸ்ட் 31 பதில் சொல்லும். கலிபோர்னியாவின் செரிட்டோஸ் மேலே, அனுமதி இல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸ் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போன ஒரு சின்ன பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோவின் டிசி-9 பயணிகள் விமானமும் மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் செத்தார்கள். பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, உயரம் அனுப்பும் வசதிதான் இல்லை. இன்றைக்குப் பெரிய விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி இருக்கிறது, ஆனால் அது உன் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டுத்தான் உன்னைக் கண்டுபிடிக்கும். உயரம் வராவிட்டால் பக்கத்தில் யாரோ இருக்கிறார் என்று எச்சரிக்கும், ஏறு இறங்கு என்று சொல்லாது. பதிலே வராவிட்டால் அதற்கு நீ இல்லவே இல்லை. சாங்கிக்கும் சிலேத்தாருக்கும் இறங்குகிறவர்கள் நடுவே அப்படிப் போகப் போகிறாயா?

பழுது விஷயம். இரண்டு கோளாறு சேர்ந்து இருக்கிறது என்று நினைக்கிறேன். விளக்கு மினுங்கினால் ரேடார் கேட்கிறது, பெட்டி பதில் சொல்கிறது. உயரம் மட்டும் போனால் கோளாறு என்கோடரில் (உயரத்தை அளந்து பெட்டிக்குக் கொடுக்கும் கருவி), அல்லது அதிலிருந்து வரும் வயரில். பழைய என்கோடர் சூடாகச் சில நிமிடம் எடுக்கும், ஆனால் பாதி வழி வரைக்கும் எடுக்காது. வளையும்போது மறைவது ஆன்டெனா கதை, வயிற்றுக்கடியில் எஞ்சின் எண்ணெய் படிந்திருக்கும், அல்லது கேபிள் முனை பச்சை பிடித்திருக்கும். இந்த ஊர் ஈரத்துக்கு அது சகஜம். எண்ணெயைத் துடைக்கலாம். பெட்டியை நீயே உருவிச் செருகாதே, அது லைசென்ஸ் உள்ளவர் வேலை.

பதில் (முன்னாள் கட்டுப்பாட்டாளர்):
கிளம்பலாமா என்பதற்கு நான் சொல்கிறேன். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நடைமுறையிலேயே இதற்கு வழி இருக்கிறது: பழுது பார்க்க முடியாத இடத்தில் கிளம்பும் முன்பே கோளாறு தெரிந்தால், பழுது பார்க்கக்கூடிய பக்கத்து நிலையத்துக்கு முடிந்தவரை நேராகப் போக விடவேண்டும். அதற்காக உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நெரிசல் இருந்தால் காத்திரு என்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். முதலில் போன் செய்யுங்கள். அப்புறம் பறப்புத் திட்டத்தில் 10ஆம் கட்டம், சாய்கோட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பாண்டர் வகையைக் காட்ட வழக்கமாக 'சி' அல்லது 'எஸ்' போடுவீர்களே, அங்கே உயரம் மட்டும் போனால் 'ஏ', மொத்தமும் போனால் 'என்'. பலர் பழைய திட்டத்தையே நகல் எடுத்து அனுப்பிவிடுவார்கள், எரிச்சலாக வரும். தென் ஜோகூர் வான்வெளியில் ஒரு பகுதியை 1974 ஒப்பந்தத்திலிருந்து சிங்கப்பூர்தான் பார்க்கிறது, அதனால் மலேசியா, சிங்கப்பூர் இரு பக்கக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் தெரிய வேண்டும். நுழைவு அனுமதி காதில் விழும்வரை வெளியே வட்டமடியுங்கள்.

ஈசூன்வாசி:
அண்ணே, போன் செய்தேன். இன்று மாலை வேண்டாம், நாளை காலை வா, இடைவிட்டுவிடும் டிரான்ஸ்பாண்டரை நம்ப முடியாது, 'என்' போடு என்றார்கள். விமானத்தை இங்கேயே கட்டிவிட்டு முதலாளிக்கு லீவு மெசேஜ் போட்டாயிற்று. அடியில் துடைத்த துணி கறுப்பாக வந்தது.

ஓய்வுபெற்ற ஏவியானிக்ஸ்:
நல்லது. பெட்டியை ஸ்டான்ட்பையில் வை, அவர்கள் கேட்டால் மட்டும் போடு. செனாயில் பழுது பார்த்தபின் தரையில் டெஸ்ட் செட் வைத்து என்கோடரையும் அல்டிமீட்டரையும் ஒப்பிடச் சொல். அதற்கடுத்த பறப்பில் முதல் தொடர்பிலேயே திரையில் என்ன உயரம் காட்டுகிறது என்று கேள், 300 அடிக்கு மேல் விலகினால் பழுது இன்னும் தீரவில்லை.