10க்கு 12 என்றால் இஸ்தோப்பும் சேர்த்தா?

மட்டக்கம்பு:
ஹந்தானைக்காற்று நேற்றுப் போட்ட "மலைநாட்டில் ஒரு நாள்" பட்டியலைப் படிச்சேன். கண்டிப் பக்கம் ஹந்தானை தேயிலை நூதனசாலைக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, அரை நாள் ஒதுக்கணுமாம். கம்பளைப் பக்கம் பாரதெக்கவில் இருக்கிற தோட்டத் தொழிலாளர் நூதனசாலை "10க்கு 12 அடி லயக் காம்பரா கொஞ்சம்தான், பத்து நிமிசத்தில் முடிஞ்சிடும்" என்று எழுதியிருக்கார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு அறை. பத்து நிமிசம் கிடக்கட்டும். அந்த 10க்கு 12 உள்ளளவா, வெளியளவா? முன் வராந்தா இருக்கே, இஸ்தோப்பு, அதைச் சேர்த்தா, சேர்க்காமலா? இது தெரியாமல் காம்பராவுக்கு அளவு எழுதுறது, கொழுந்தை நிறுக்காமல் செக்ரோலில், அதான் தோட்டத்து வேலைப் பேரேட்டில், கிலோ போடுற மாதிரி.

ஹந்தானைக்காற்று:
ஐயா, லயத்தைப் பற்றி எழுதின எல்லாரும் 10க்கு 12 என்றுதான் எழுதியிருக்காங்க. 120 சதுர அடி. இதில் என்ன ஆராய்ச்சி? போறவங்களுக்கு நேரம் எவ்வளவு ஒதுக்கணும் என்பதுதான் என் பதிவு.

மட்டக்கம்பு:
எல்லாரும் எழுதினால் சுவர் மெலிஞ்சிடுமா? கருங்கல் சுவர் ஒன்றரை அடி தடிப்பு என்று வைங்க. வெளியே 10க்கு 12 இருந்தால் உள்ளே 7க்கு 9. வெறும் 63 சதுர அடி. பாதிக் காம்பராவை நீங்க கணக்கில் முழுங்கிட்டீங்க.

பிரட்டுத்தப்பு:
அண்ணே, நடுவில் இருக்கிற காம்பராவுக்கு அந்தக் கணக்கு சரிவராதே. இடைச்சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அதை ஆளுக்குப் பாதியாகப் போட்டால் அகலத்தில் ஒன்றரை அடிதான் குறையும். எட்டரைக்கு 9, எழுபத்தாறரை சதுர அடி. முதுகோடு முதுகு ஒட்டின இரட்டை லயம் என்றால் பின்சுவரும் பொது, இன்னும் கொஞ்சம் கூடும். இடைச்சுவரை மெல்லிசாகக் கட்டி, கூரை வரை எழுப்பாமல் விட்ட லயங்களும் உண்டு. அங்கே இந்தக் கணக்கும் மாறும்.

மட்டக்கம்பு:
அதைத்தான் நானும் சொன்னேன். 120 இல்லை என்று.

பிரட்டுத்தப்பு:
நீங்க சொன்னது 63.

மட்டக்கம்பு:
தம்பி, 63க்கும் 120க்கும் நடுவில்தான் உங்க எழுபத்தாறரை நிக்குது. நான் கேட்டது இஸ்தோப்பு. அதுக்கு இன்னும் யாரும் வாய் திறக்கலை.

கொழுந்துக்கூடை:
சண்டைக்கு முன்னாடி ஒன்று கேட்கிறேன். நூதனசாலை என்று எதைச் சொல்றோம்? ஹந்தானை 1925இல் கட்டின ஸ்டோர், அதாவது தேயிலை ஃபெக்டரி, 2001இல் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து நூதனசாலையாக்கினாங்க. பாரதெக்கவில் இருக்கிறது ஓல்ட் பீகொக் தோட்டத்து லயம், 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆரம்பிச்சது. அங்கே கட்டடமே காட்சிப்பொருள். ரெண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

ஹந்தானைக்காற்று:
நிறுத்துப் பார்க்கிறதில் என்ன தப்பு? ஹந்தானையில் மெஷின் இருக்கு. ரோலர் மேசைக்குப் பக்கத்தில் குனிஞ்சு பாருங்க. மேசையில் பிறை மாதிரி வளைஞ்ச பட்டைகள், மேலே கொழுந்து நிரப்புற உருளை, அதுக்கும் மேலே அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. மேசையும் உருளையும் ஒன்றை ஒன்று எதிர்த்துச் சுத்தும்போது இலை சுருளும், சாறு வெளியே வரும், அங்கேதான் நிறம் மாறத் தொடங்குது. அமுக்கத்தை எடுத்தவுடனே கூட்டினால் இலை சுருளாது, நொறுங்கிடும். நாலு மாடிக்கும் எதுக்கு அத்தனை ஜன்னல் என்று எத்தனை பேர் கேட்கிறாங்க? மேல்மாடிகள் கொழுந்து வாட்டுற தளம். சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி 12 மணித்தியாலம், மழை நாளில் அதுக்கும் மேலே விடணும். வாடினது துவாரம் வழியாகக் கீழே ரோலருக்கு விழும். 100 கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் கடைசியில் 21, 22 கிலோ தூள்தான் கிடைக்கும். இப்போ அந்த மேல்மாடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறவங்களுக்கு, தாங்க இருக்கிறது வாட்டல் தளம் என்றே தெரியாது. அரை நாள் இதுக்குத்தான். திங்கட்கிழமை பூட்டு, அதையும் எழுதியிருந்தேன்.

மட்டக்கம்பு:
நல்லா எழுதியிருக்கீங்க. ரோலரில் பட்டை எத்தனை வளைவு என்று தெரியுது. காம்பராவில் சுவர் எங்கே முடியுது என்று மட்டும் தெரியலை. அந்தக் கொழுந்தை எடுத்தவங்க தூங்கின இடம் அது.

கோச்சிப்பாதை:
ரெண்டு பேருமே கடுகண்ணாவையை மறந்துட்டீங்க. தேசிய புகையிரத நூதனசாலை அங்கே 2014இல் திறந்தது. கண்டிக்குக் கோச்சி வந்தது 1867, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் அதே 1867. தேயிலைக்காகத்தான் பாதை போட்டாங்க.

கொழுந்துக்கூடை:
தலைகீழ். 1867இல் தேயிலைக்கு ஏற்றுமதியே கிடையாது. கோச்சி வந்தது கோப்பிக்காக. கோப்பியில் இலைநோய் தெரிஞ்சது 1869. அதுக்குப் பிறகுதான் தேயிலை பரவினது.

கோச்சிப்பாதை:
சரி அக்கா, ஆனால் முதல் தேயிலை 1867 தானே.

பிரட்டுத்தப்பு:
அதுவும் இல்லை. பேராதனைப் பூங்காவில் 1824இலேயே கன்று இருந்தது. புஸ்ஸல்லாவைப் பக்கம் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் நட்டாங்க. டெய்லருடையது வியாபாரத்துக்குப் போட்ட முதல் தோட்டம். "முதல் தேயிலை" வேற, "முதல் தேயிலைத் தோட்டம்" வேற.

கோச்சிப்பாதை:
இங்கே வாயைத் திறந்தால் யாராவது ஒரு வருசத்தோட வந்து நிக்கிறீங்க.

மட்டக்கம்பு:
வருசம் எல்லாருக்கும் தெரியுது, அடி அங்குலம் ஒருத்தருக்கும் தெரியலை. போறவங்களுக்காக எப்படி அளக்கிறது என்று எழுதி வைக்கிறேன். 5 மீட்டர் டேப் போதும். பார்த்துக்கொள்றவரிடம் அனுமதி கேளுங்க. டேப்பின் கொக்கியைச் சாந்து விளிம்பில் மாட்டாதீங்க, பழைய சுண்ணாம்புச் சாந்து பொருபொருவென்று உதிரும். ஒருத்தர் கையால் பிடிச்சுக்கணும். தரையோடு அளக்கக்கூடாது, ஈரம் ஏறி அடிச்சுவர் ஊதியிருக்கும். மூன்றடி உயரத்தில் அளங்க, ரெண்டு முனையிலும் அளங்க. பிறகு மூலைக்கு மூலை. உள்ளே சரியாக 10க்கு 12 என்றால் குறுக்களவு 15 அடி ஏழரை அங்குலம் வரணும். ஒரு குறுக்கு கூடி மற்றது குறைஞ்சால் காம்பராவின் மூலைகள் செங்கோணமாக இல்லை, பக்க அளவை மட்டும் பெருக்கிப் பரப்பு எழுதக்கூடாது. எந்த மேசன் பாஸைக் கேட்டாலும் இதைச் சொல்வார். இஸ்தோப்பைத் தனி வரியில் எழுதுங்க. அதில் பாதியை அடைச்சுக் குசினியாக்கியிருந்தால் அதையும் தனியாக எழுதுங்க.

ஹந்தானைக்காற்று:
நூதனசாலைக்குப் போறவங்க டேப்பும் தூக்குக்குண்டும் கொண்டு போகணுமா? பேரே மட்டக்கம்பு, கொழுந்து கிள்ளுற மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற கம்பு. மட்டத்துக்கு மேலே நின்ன எதையும் கிள்ளாமல் விடமாட்டார். போன மாசம் தோட்டத்தில் மண் கிளறுற முள்ளுக்கு மூன்று பல்லா நாலு பல்லா என்று ஒரு வாரம் இழுத்தவர்தானே.

மட்டக்கம்பு:
நாலு. அதுவும் இன்னும் முடியலை.

கொழுந்துக்கூடை:
பத்து நிமிசம் என்கிற பேச்சுக்கே வருவோம். பாரதெக்கவில் ஆவணக் காப்பகமும் இருக்கு. காகிதத்தை யாரும் பத்து நிமிசத்தில் படிக்கிறதில்லை. தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறிச்ச 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத்து வீடுகளில் பெட்டியில் பூட்டி வச்ச ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு காரணம் இருக்கு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கலாம் என்று பிரிச்சாங்க. அந்த எண்ணிக்கைக்குள்ளே ஒரு குடும்பம் எங்கே விழுந்தது என்று அந்தக் கடுதாசிதான் சொல்லும். போறதுக்கு முன்னாடி அழைச்சுச் சொல்லிட்டுப் போங்க. சின்ன நூதனசாலைகளில் சாவி ஒருத்தர் கையில்தான் இருக்கும்.

பிரட்டுத்தப்பு:
துண்டையும் பார்க்கணும், அக்கா. கழுத்தில் கட்டின தகரத் துண்டு.

கொழுந்துக்கூடை:
ரெண்டையும் குழப்பாதீங்க. துண்டு காகிதம். தோட்டத்தை விட்டுப் போறவர் கடனைத் தீர்த்தார் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு, அது இல்லாமல் வேற தோட்டத்தில் பேர் போடமாட்டாங்க. 1921இல் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. தகர டிக்கெட் வேற சாமான், இந்தியாவில் இருந்து வர்றவருக்குத் தோட்டத்தின் அடையாளம் அடிச்சுக் கொடுத்தது.

கோச்சிப்பாதை:
வீட்டில் பழைய கம்பளி, செக்ரோல் எல்லாம் இருந்தால் கொடுக்கலாமா?

கொழுந்துக்கூடை:
கொடுக்கலாம். ஆனால் "சுத்தம்" பண்ணிக் கொடுக்காதீங்க. செக்ரோலை லெமினேட் பண்ணினால் காகிதம் செத்தது, பிறகு பிரிக்கவே முடியாது. தேயிலைச் செடியை வெட்டிவிடுற கவ்வாத்துக் கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் அது பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும், அடியில் துரு ஓடும். கம்பளியில் பூச்சி இருந்தால் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் ரெண்டு வாரம் வைங்க. வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீங்க, குளிர் இறங்கும்வரை ஒரு நாள் விடுங்க. இல்லாட்டி நம்ம ஊர்ப் பனிக்கு நனைஞ்சு பூஞ்சணம் பிடிக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் பாவிச்சாங்க என்று ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிச் சேர்த்துக் கொடுங்க. அது இல்லாட்டி கம்பளி வெறும் கம்பளிதான்.

மட்டக்கம்பு:
பாருங்க, கம்பளிக்கே தோட்டமும் டிவிஷனும் எழுதணும் என்று அக்கா சொல்றாங்க. காம்பராவுக்கு இஸ்தோப்பு சேர்த்தா இல்லையா என்று ஒரு சொல் எழுத ஹந்தானைக்காற்றுக்குக் கை வலிக்குது.

கொழுந்துக்கூடை:
என்னை உங்க பக்கம் இழுக்காதீங்க. பத்து நிமிசம் என்கிறதுதான் எனக்கு ஆகலை. உங்க இஸ்தோப்பு பற்றி நான் ஒன்றும் சொல்லலை.

ஹந்தானைக்காற்று:
சரி, பட்டியலைத் திருத்திட்டேன். பத்து நிமிசத்தை அரை மணித்தியாலம் ஆக்கியாச்சு. போதுமா?

கொழுந்துக்கூடை:
ஹந்தானைக்கு அரை நாள், லயத்துக்கு அரை மணித்தியாலம். துரை கணக்கு மாதிரியே இருக்கு.

ஹந்தானைக்காற்று:
அக்கா, மெஷினைக் கழட்டிப் பூட்டினவனும் தொழிலாளிதான். ஸ்டோரைத் துரைக்கு எழுதிக் கொடுத்துட்டு லயத்தை மட்டும் நம்மது என்கிறது உங்க கணக்கு.

பிரட்டுத்தப்பு:
இதுக்குத் தனியாகத்தான் ஒரு சண்டை போடணும்.

மட்டக்கம்பு:
திருத்தின பட்டியலைப் பார்த்தேன். நேரம் மாறியிருக்கு. 10க்கு 12 அப்படியே இருக்கு.

ஹந்தானைக்காற்று:
அப்படியேதான் இருக்கும். 10க்கு 12.

மட்டக்கம்பு:
உள்ளளவா?