மறு: டிஸ்இன்ஃபர்மேஷன் – பொய்த்தகவலா, வஞ்சத்தகவலா?

வணக்கம். டிஸ்இன்ஃபர்மேஷன் (disinformation), அதாவது ஏமாற்றும் நோக்கத்தோடு பரப்பும் தகவலுக்கு, ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> பொய்த்தகவல் என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அடங்காத ஒரு நிகழ்வு என்னை உறுத்துகிறது.

2016 மே 21, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். அங்குள்ள ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் 'டெக்சாஸ் இஸ்லாமிய மயமாவதைத் தடுப்போம்' என்று 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்கிற ஃபேஸ்புக் பக்கம் ஆள் கூட்டியது. அதே நாள், அதே இடத்துக்கு 'இஸ்லாமிய அறிவைக் காப்போம்' என்று 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' பக்கமும் கூப்பிட்டது. தெருவின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. சிலர் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். மாறிமாறிக் கத்தினார்கள். கூப்பிட்டவர்கள் மட்டும் வரவில்லை. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்கிற, போலிக் கணக்குகளை நடத்திய நிறுவனம். இதற்கான விளம்பரச் செலவு சுமார் 200 டாலர்தான் என்று 2017 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அவை விசாரணையில் சொல்லப்பட்டது.

இதில் பொய்த்தகவல் எது? நாள் சரி, இடமும் சரி. கூப்பிட்ட முகம்தான் பொய். அதே ஏஜென்சியின் 'ஆர்மி ஆஃப் ஜீசஸ்' பக்கம் போட்ட விளம்பரத்தில் சாத்தானும் இயேசுவும் முழங்கை ஊன்றி பலம் பார்க்கிறார்கள். 'நான் ஜெயித்தால் கிளிண்டன் ஜெயிப்பார்' என்கிறான் சாத்தான். 2016 அதிபர் தேர்தலில் நின்ற ஹிலாரி கிளிண்டனைத்தான் சொல்கிறான். எந்த உண்மை சரிபார்ப்பாளர் இதைச் சரிபார்ப்பார்? பக்தியோடு அதைப் பகிர்ந்தவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நம்பிக்கையையும் பயத்தையும் யாரோ கருவியாக்கிக்கொண்டார்கள்.

'திரிபுத்தகவல்' என்ற பரிந்துரையும் இங்கே பொருந்தாது. எதையும் திரிக்கவில்லையே.

அதனால்தான் 'வஞ்சத்தகவல்' என்கிறேன். வஞ்சம் என்றால் பழிவாங்கல் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். 'வஞ்சம் தீர்த்தான்' என்னும்போது அப்படித்தான். ஆனால் பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணியை நினைத்துப் பாருங்கள். அங்கே புகழ்ச்சிக்குள் இகழ்ச்சி ஒளிந்திருக்கும். மேலே தெரிவது ஒன்று, உள்ளே நோக்கம் வேறு. நமக்கு வேண்டியதும் அதுதான். நோக்கமில்லாமல் தெரியாத்தனமாகப் பரவும் மிஸ்இன்ஃபர்மேஷனுக்குப் 'பிழைத்தகவல்' போதும்.

அப்புறம், ஹூஸ்டனில் நடந்த அந்த உத்திக்குப் புதுச்சொல்லே வேண்டாம். சிண்டு முடிதல் என்று ஊரில் காலங்காலமாகச் சொல்கிறோம். கொச்சை என்று ஒதுக்காமல் அதையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கவேண்டும்.

எழுதிப் பார்த்தேன்: "இரு மதத்தாருக்கும் இடையே சிண்டு முடிய, வெளிநாட்டிலிருந்து வஞ்சத்தகவல் பரப்பினார்கள்." செய்தித்தாளில் வந்தால் உங்கள் வீட்டில் புரியுமா? வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.