மை தாய் பட்டறை: ஓர்ஷா (பாதாம் பாகு) பிரியாமல் நிற்க வழி சொல்லுங்கள்

சான் டியேகோ டிக்கி (பசிபிக் தீவுப் பாணி மதுக்கூடக் கலாச்சாரம்) விழாவில் 40 பேருக்கு மை தாய் என்ற ரம் காக்டெயில் கலக்கும் பட்டறை நடத்துகிறோம். 1944-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் மதுக்கூட உரிமையாளர் விக்டர் பெர்ஜரான் கலந்த முறைதான். ஆளுக்கு முதிர்ந்த ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 30, ஆரஞ்சு கியுராசோ (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது) 15, ஓர்ஷா 7.5, சர்க்கரைப் பாகு 7.5. சாறு அன்றன்றே பிழிவதுதான் சரி, மறுநாள் சுவை மங்கிவிடும்.

சிக்கல் ஓர்ஷாவில்தான். பாதாம் பாலும் சர்க்கரையும் எடைக்கு எடை. இரண்டே நாளில் கொழுப்பு மேலே திரண்டு, அடியில் வெறும் பாகு நிற்கிறது. கொதிக்கவிட்டால் இன்னும் மோசம், அதனால் வெதுவெதுப்பில்தான் கரைக்கிறோம். கொழுப்பு பிரியாமல் பிடித்துவைக்க அரபிக் கோந்து (கருவேல இன மரப் பிசின்) சேர்ப்பவர்கள் லிட்டருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? முதல் நாளே தண்ணீரில் ஊறவைப்பீர்களா, சர்க்கரையோடு கலந்து தூவுவீர்களா?

இன்னொன்று: பாதாம் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தர்ப்பூசணி விதைப் பாலில் செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.