கமெண்டில் எழுதிய செட்டிங்கை எடிட்டர் எடுக்கவே மாட்டேன் என்கிறது

பர்கூர்_பையன்:
அவசரம். பைதான் ஃபைலில் மேலே கமெண்டாக, டேப் 4, டேபுக்குப் பதில் ஸ்பேஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் எடுக்கிறது. மாங்கூழ் ஆலை எடைமேடை கம்ப்யூட்டரில் எடுக்கவில்லை. நைட் ஷிஃப்டில் யாராவது ஒரு வரி திருத்தினால் காலையில் டேப்எரர்: டேபும் ஸ்பேஸும் கலந்துவிட்டது என்று பைதான் ஓட மறுக்கிறது. வெளியே பெங்களூரா மாம்பழ லோடு வரிசை கட்டி நிற்கிறது.

தென்பெண்ணை:
எந்த எடிட்டர்? விம்மா, இமாக்ஸா? அந்த வரியை அப்படியே போடுங்கள்.

ஓசூர்_லேத்:
கோலன் (:) தான், நிச்சயம். "செட்" சேர்த்து எழுதினால் கடைசியிலும் கோலன் வேண்டும். இல்லாவிட்டால் விம் எதுவும் சொல்லாமல் அந்த வரியைத் தாண்டிவிடும். எனக்கு ஒரு நாள் முழுக்க இதிலேயே போனது.

அதியமான்77:
தம்பி, ஹெல்ப் பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. டெபியன், உபுண்டு இரண்டிலும் மோட்லைன், அதாவது ஃபைலுக்குள் எழுதிய செட்டிங் வரியை விம் படிக்கும் வசதி, அணைத்தேதான் வரும். ஓஎஸ் என்னவென்று சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

பர்கூர்_பையன்:
மன்னிக்கணும் அண்ணா. விம்தான். ஆலையில் உபுண்டு. கோலன் இருக்கிறது.

தென்பெண்ணை:
எத்தனையாவது வரியில் இருக்கிறது? முதல் 5, கடைசி 5 வரிகளில்தான் விம் தேடும். சூடோ போட்டு, அதாவது ரூட் (அட்மின்) அதிகாரத்திலா திறக்கிறீர்கள்? ரூட் என்றால் மோட்லைனைத் தானாகவே அணைத்துவிடும்.

சிப்காட்_நைட்:
பொது மெஷினில் மோட்லைனை ஆன் செய்யச் சொல்லாதீர்கள். 2019-ல் விம்மில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஃபைலைத் திறந்தாலே மோட்லைன் வழியாகக் கமாண்ட் ஓடிவிடும். 8.1.1365 வெர்ஷனில்தான் அடைத்தார்கள். ஃபோல்டரில் ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் (டேப், ஸ்பேஸ் செட்டிங்கை எடிட்டருக்குச் சொல்லும் தனி ஃபைல்) வைத்தால் போதும்.

அதியமான்77:
பழைய விம்மில் அதற்குப் பிளகின் தனியாகப் போட வேண்டும். எடைமேடை அறையில் இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்டாயா?

ஓசூர்_லேத்:
இமாக்ஸ் ஆபத்தான செட்டிங் என்றால் கேட்டுவிட்டுத்தான் போடும். அதற்கே மாறிவிடலாம்.

சிப்காட்_நைட்:
ஷிஃப்டுக்கு ஒரு ஆள் மாறுகிற இடத்தில் இமாக்ஸை யார் சொல்லித்தருவது?

பர்கூர்_பையன்:
சரியாகிவிட்டது. திருத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் பெயரும் தேதியும் மேலே சேர்த்துச் சேர்த்து, என் வரி 11-க்கு இறங்கியிருந்தது. கடைசி வரிக்குக் கொண்டுபோய்விட்டேன், மோட்லைனும் ஆன். லாரி வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன்.

தென்பெண்ணை:
நல்லது. ஏற்கெனவே கலந்த டேபை அந்த வரி மாற்றாது. ஒருமுறை விம்மில் ரீடேப் கமாண்ட் கொடுத்துவிடுங்கள், இருக்கிற டேபெல்லாம் ஸ்பேஸாகிவிடும்.

சிப்காட்_நைட்:
விம் வெர்ஷன் என்ன? அதைச் சொல்லவே இல்லையே.