அசோலா சிவந்து போகுது, பெருக மாட்டேங்குது

காங்கேயம் பக்கம். மாட்டுக்கும் கோழிக்கும் போட சில்பாலின் (தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு) தொட்டியில் அசோலா, அதான் தண்ணியில மிதக்கிற சின்னப் பெரணிச் செடி, வளர்க்கிறோம். தை வரைக்கும் பச்சைப் பசேல்னு தொட்டியை மூடிக் கிடந்தது. தினமும் அள்ளி, சாணி வாடை போக அலசி, தவிட்டோடு கலந்து வைப்போம். பங்குனி வெயில் ஏறினதிலிருந்து ஓரமெல்லாம் செங்கல் நிறம். வேர் நீண்டு சுருண்டு, கை பட்டாலே கழன்று விழுது. அள்ளின இடம் மூடுறதே இல்லை.

50 சதவீத நிழல்வலை கட்டியாச்சு. கால்வாசித் தண்ணியை மாத்திப் புதுச் சாணம் கரைச்சு விட்டாச்சு. சூப்பர் பாஸ்பேட் உரமும் போட்டுப் பார்த்தாச்சு. புழு, நத்தை இல்லை. தண்ணி 10 செ.மீ. ஆழம், போர்த் தண்ணி, உப்பு தூக்கல். என் சந்தேகம் அதுமேலதான். தீவனச் செலவுக்கு இது பெரிய கை கொடுக்குது, விட மனசில்லை.

உப்புத் தண்ணியிலேயே கோடையில் அசோலாவைக் காப்பாத்தினவங்க என்ன செஞ்சீங்க?