சாவு உறுதியாகாத துயருக்கு நூல்களில் இடம் உண்டா?

முரசுமோட்டை வாசகர் கேட்டது:

கிளிநொச்சிக்கு அண்மையில் எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடியிருந்து வாசிப்பது வழக்கம். மனிதத் துயரையும் சாவையும் இலக்கியமும் மெய்யியலும் எவ்வாறு எதிர்கொண்டிருக்கின்றன என்பதை இவ்வாண்டுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டோம். முதற் கூட்டத்தில் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தையும், புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடலையும், பட்டினத்தார் தம் தாயின் சிதையருகே பாடியவையாகச் சொல்லப்படும் பாடல்களையும் வாசித்தோம். "நெருநல் உளனொருவன் இன்றில்லை" என்ற குறளுக்கு வந்தபோது எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டோம். வன்னியில் அந்தக் குறளுக்கு உரை தேவைப்படுவதில்லை.

எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தரும் அம்மா ஒருவர் கதவடியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலையும் நேரத்தில் கோப்பைகளை எடுக்க வந்தவர், "செத்த ஆக்களுக்கு இதெல்லாம் சரி தம்பி. என்ரை பிள்ளைக்கு எதைப் படிப்பியள்?" என்று கேட்டார். அவருடைய மகனை, போர் முடிந்த 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த சனத்துக்குள் கடைசியாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னர் கண்டவர் எவரும் இல்லை. கணவரின் திவசத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் வாழையிலை போட்டுப் படைக்கும் அந்த அம்மா, மகனுக்கென்று ஓர் இலை போட்டதே இல்லை. விதானையார் குடும்ப விபரம் பதிய வரும்போதெல்லாம் மகனின் பெயரையும் வயதையும் சொல்லி எழுதுவிக்கிறார். வயதை ஆண்டுக்கொன்று கூட்டித்தான் சொல்கிறார்.

நாங்கள் வாசித்தவை அனைத்தும் சாவு நிகழ்ந்துவிட்டது என்ற இடத்திலிருந்தே பேசத் தொடங்குகின்றன. அது நிகழ்ந்ததா இல்லையா என்று அறியாதவரின் துயரைப் பற்றிப் பேசும் பாடலோ சிந்தனையோ நம்மிடமும் பிறரிடமும் உண்டா? அடுத்த கூட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது.

முள்ளியவளை ஆசிரியர் (ஓய்வு):

தம்பி, நீங்கள் சாவிலிருந்து தொடங்கியதுதான் சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகையை வகுக்கும்போது சாவு என்ற சொல்லையே எடுக்கவில்லை. "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே" என்பது நூற்பா. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு, உறவையோ உடைமையையோ இழத்தல் இழவு, முன்னிருந்த நிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் அசைவு, இல்லாமை வறுமை. சாவு இவற்றுள் இழவின் ஒரு பகுதி மட்டுமே. உயர்தர வகுப்பில் இந்நூற்பாவை ஆண்டுக்கணக்கில் கற்பித்த எனக்கு, அசைவு என்பதன் பொருள் புரிந்தது 2009க்குப் பின்னர் நலன்புரி நிலையத்தில் தறப்பாளின் கீழ் இருந்த நாட்களில்தான். வயலும் கிணறும் வீடும் உடையவராக இருந்த ஒருவர், தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் கலனோடு வரிசையில் நிற்கும்போது அவருக்குள் நிகழ்வது இழவும் அன்று, வறுமை மட்டுமும் அன்று. அந்த அம்மாவின் துயரில் இழவு உறுதிப்படவில்லை. ஆனால், அலுவலகம் அலுவலகமாக ஏறி அதே படிவத்தை மறுபடி மறுபடி நிரப்பிக் கொடுப்பதில் இளிவு இருக்கிறது.

அடுத்து, மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை வாசியுங்கள். கோதமை என்னும் தாய் இறந்துபோன தன் மகன் சார்ங்கலனைத் தூக்கிக்கொண்டு வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுயிரைத் தா என்று சம்பாபதியிடம் கேட்கிறாள். தன்னால் இயலாது என்று அத்தெய்வம் சொன்னதை அவள் ஏற்கவில்லை. ஆகவே சக்கரவாளத்துத் தேவர்கள் எல்லோரும் அழைக்கப்படுகிறார்கள்; அவர்களும் அதையே சொல்கிறார்கள். ஒரு தாயை நம்பவைப்பதற்கு அத்தனை தேவர்களும் வரவேண்டியிருந்தது என்பதைச் சாத்தனார் சொல்லாமற் சொல்லியிருப்பதாகவே நான் வாசிப்பேன்.

மாங்குளம் சந்தி:

ஐயா சொன்ன கோதமையைப் படிக்கும்போது பௌத்த மரபில் வரும் கிசாகோதமியை நினைக்காமல் இருக்க முடியாது. இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்தபடி மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு நேராத ஒரு வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். வீடு வீடாகப் போகிறாள். எல்லா வீட்டிலும் கடுகு இருக்கிறது, சாவு நேராத வீடுதான் இல்லை. அறிவுரை எதுவும் சொல்லாமல் அவளை நடக்கவிட்டது அக்கதையின் சிறப்பு. எனினும், கேள்வி கேட்டவரின் இடர் அங்கேயும் தீரவில்லை. கோதமையின் கையிலும் கிசாகோதமியின் கையிலும் பிள்ளையின் உடல் இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவன். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபோது நாம் இல்லை, ஆகையால் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்று கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ் வாதிட்டதைப் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறேன். சாகப்போகிறவருக்கு அது உதவலாம். எஞ்சியிருப்பவருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. எபிக்டீட்டஸ் இன்னும் ஒரு படி போய், உன் பிள்ளையை முத்தமிடும்போது சாகக்கூடிய ஓர் உயிரை முத்தமிடுகிறேன் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருநாள் இரவு அவ்வாறு சொல்லிப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் முற்றத்தில் இருந்தேன்.

கிரேக்க இலக்கியம் அவர்களுடைய மெய்யியலைவிட நமக்குக் கிட்ட இருக்கிறது. ஹோமரின் போர்க்காவியமான இலியட்டின் இறுதியில் முதியவரான பிரியாம், தன் மகனைக் கொன்றவனின் கைகளை முத்தமிட்டு உடலைத் திருப்பிக் கேட்கிறார். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் அடக்கம் செய்வோம், பதினோராம் நாள் மேடு எழுப்புவோம், வேண்டுமானால் பன்னிரண்டாம் நாள் சண்டை பிடிப்போம் என்று அவர் நாள் கணக்குச் சொல்லும் இடத்தில் எங்களுடைய எட்டுச் செலவும் முப்பத்தொராம் நாளும் நினைவுக்கு வந்தன. கிரேக்க நாடகத்தில் வரும் அந்திகோனே தன் அண்ணனின் உடல்மீது ஒரு பிடி மண் தூவுவதற்காக உயிரையே கொடுத்தாள். ஆனால் பிரியாமுக்குப் போய்க் கேட்க ஒரு கூடாரம் இருந்தது. அந்திகோனேக்கு மண் தூவ ஓர் உடல் இருந்தது. கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. நான் அறிந்த நூல்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதைத்தான் சொல்ல முடிந்தது.

சிலாவத்தை:

நீங்கள் மூவரும் எழுதியதை வாசித்தேன். என் அண்ணாவும் அப்படிப்பட்டவர்களில் ஒருவர் என்பதால் எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். "சாதலும் புதுவ தன்றே" என்ற அடியைத் தயவுசெய்து அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். அது உயர்ந்த பாடல் என்பதில் ஐயமில்லை; தானே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய அடியை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போது அது பேச்சை முடித்துவைக்கும் கதவாகிவிடுகிறது. எங்களுக்கு அதைச் சொன்னவர்கள் பலர்.

என் அம்மா ஒப்பாரியில் பெயர்பெற்றவர். எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளுக்கு அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். எந்த வீட்டுக்காரர் எந்த வயலைச் செய்தார், எந்தப் பிள்ளையைப் படிப்பித்தார் என்று அந்தந்த ஆளுக்கு ஏற்றபடி அடி கட்டுவார். அண்ணாவுக்கு அவர் ஒரு வரி பாடியதில்லை. பாடினால் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? ஆனால் எவர் வீட்டுச் செத்தவீட்டிலும், இளம் ஆண்பிள்ளையைப் பற்றி அடி வரும் இடத்தில் அவருடைய குரல் வேறாகிவிடும். சுற்றியிருக்கும் பெண்கள் அதை அறிவார்கள். எவரும் எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

நீங்கள் தேடும் பாடல் புறநானூற்றில் இருக்காது, குறுந்தொகையில் இருக்கிறது என்பது என் எண்ணம். வெள்ளிவீதியார் பாடிய 130ஆம் பாடல், ஐந்தே அடி:

நிலந்தொட்டுப் புகாஅர் வானம் ஏறார்
விலங்கிரு முந்நீர் காலிற் செல்லார்
நாட்டின் நாட்டின் ஊரின் ஊரின்
குடிமுறை குடிமுறை தேரின்
கெடுநரும் உளரோநம் காத லோரே.

நிலத்தைத் தோண்டி உள்ளே போயிருக்க மாட்டார், வானத்தில் ஏறியிருக்க மாட்டார், கடல்மேல் காலால் நடந்திருக்க மாட்டார். நாடு நாடாக, ஊர் ஊராக, குடி குடியாகத் தேடினால் அகப்படாமல் போய்விடுவாரா என்று கேட்கிறது. கிசாகோதமி வீடு வீடாகப் போனதைப் படித்தபோது எனக்கு இந்தக் "குடிமுறை குடிமுறை" என்ற அடுக்குத்தான் காதில் கேட்டது. ஒருத்தி வீடுவீடாகப் போய் நம்பிக்கையை விடுகிறாள். மற்றவள் வீடுவீடாகப் போகலாம் என்பதிலேயே நம்பிக்கையைப் பிடித்துவைத்திருக்கிறாள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் நாள்தோறும் வந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்டதும் இதைத்தான்: இருக்கிற மனிசர் எங்கே போயிருப்பார்?

முள்ளியவளை ஆசிரியர் (ஓய்வு):

பிள்ளை, நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர். ஓர் இலக்கணக்காரனுடைய தயக்கத்தை மட்டும் பதிவு செய்கிறேன். அது அகப்பாட்டு, காதலனைத் தேடும் பாட்டு. தாய் மகனைத் தேடுவதற்கு அதை எடுத்துக்கொண்டால் திணை குழம்பும். முல்லைத்தீவுக்காரருக்கு முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை காத்திருத்தல், என்று சொல்லத் தேவையில்லை; ஆனால் முல்லையின் காத்திருப்புக்குக் கார்காலம் என்ற தவணை உண்டு. இந்த அம்மாமாரின் காத்திருப்புக்குத் தவணை எது? எந்தத் திணையிலும் அது அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே என் தயக்கத்தை நானே பாதி மீட்டுக்கொள்கிறேன். வெள்ளிவீதியாரைப் பற்றி இன்னொன்று: அகநானூறு 147இல் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் தேடிப் புறப்பட விரும்புகிறேன் என்ற பொருளில் பாடுகிறார். தேடிப் போனவள் என்றே அந்தப் புலவரை அடுத்தவர்கள் நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள்.

மாங்குளம் சந்தி:

சகோதரி, உங்கள் அம்மாவின் குரலைப் பற்றி எழுதிய பத்தியை வாசித்த பின் இலியட்டின் 19ஆம் பாகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். போரில் இறந்த வீரன் பத்ரோகுலஸின் உடலைச் சுற்றிச் சிறைபிடிக்கப்பட்ட பெண்கள் அழுகிறார்கள். வெளிப்பார்வைக்குப் பத்ரோகுலஸுக்காக, உள்ளே ஒவ்வொருத்தியும் தன் தன் துயருக்காக என்று ஹோமர் ஓரிரு அடியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். பல்கலைக்கழகத்தில் இதை வாசித்தபோது அந்த அடி கண்ணில் படவே இல்லை.

முரசுமோட்டை வாசகர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது. தொல்காப்பிய நூற்பாவில் தொடங்கி, கோதமை கதையை ஒருவர் சொல்ல, குறுந்தொகைப் பாடலை நான் வாசித்தேன். இம்முறை அந்த அம்மாவைக் கதவடியில் விடாமல் கதிரை போட்டு இருத்தியிருந்தோம். பாடியது ஒரு பெண் என்று சொன்னதும் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அடி அடியாகப் பொருள் சொன்னேன். நிலத்துக்குள் போகவில்லை, வானத்தில் ஏறவில்லை என்பது வரைக்கும் தலையாட்டியவர், கடலைப் பற்றிய அடியில் கையை நீட்டி மறித்தார்.

"அது சரியில்லைத் தம்பி. அந்த நேரம் எங்கடை சனம் கடலாலையும் போனது. கப்பலிலை ஏத்தினவை, வள்ளத்திலை போனவை. கடலாலை போகேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?"

பிறகு, வெள்ளிவீதியார் பாடிய வேறு பாட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கின்றன என்றேன். வருகிற மாதம் அவற்றைக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டு, தேநீர்த் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.